பூவுக்குப் பேர் வைத்தவரும் பூவைக் காட்டிக் கொடுத்தவரும்

பதிவு கொஞ்சம் நீளம். ஒரு சாயாவைப் போட்டு வைத்துக்கொண்டு, சாவகாசமாகப் படியுங்கள்.

என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த பையன் ஒருவன் (அவனுக்கே இப்போது நாற்பது வயசு) மாசி மாதம் அகத்தியர் கூடம் ஏறிவிட்டு வந்தான். வழியில் எடுத்த பூப்படங்கள் பத்துப் பன்னிரண்டை எனக்கு அனுப்பி, "டீச்சர், இதுக்கெல்லாம் தமிழ்ல என்ன பேரு?" என்று கேட்டிருந்தான். மூன்று நாலுக்குத்தான் உடனே சொல்ல முடிந்தது. நான் தாவரவியல் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சி முடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுத்தே ஓய்வு பெற்றவள். ஆனாலும் கேட்டவனுக்குப் பதில் சொல்லாமல் விட மனசு வரவில்லை. புத்தகங்களைத் தேடிப் படித்தேன்.

ஒவ்வொரு பூவுக்கும் லத்தீன் பேர் இருந்தது. முதலில் எழுதிய துரையின் பேரும் ஆண்டும் இருந்தன. நம்முடைய பேர்தான் பலவற்றுக்கு இல்லை. அந்த மலையில் மனுஷர் நடமாட்டம் துரைமார் வந்த பிறகா தொடங்கியது? அதற்கு முன்னால் அந்தப் பூக்களைப் பார்த்தவர்கள் பேரில்லாமலா பார்த்திருப்பார்கள்? இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு படித்ததில் கிடைத்த மூன்று கதைகளைச் சொல்கிறேன். மூன்றும் நம்முடைய பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பக்கத்தைச் சேர்ந்தவை.

முதலில் மலையைப் பற்றி ஒரு வார்த்தை. மேற்குத் தொடர்ச்சி மலையின் தெற்குக் கோடி நம் ஜில்லாவில்தான் முடிகிறது. மகேந்திரகிரி, அசம்பு மலை, தாடகை மலை என்று இறங்கி வந்து, கடைசியில் கடலுக்குப் பக்கத்தில் மருந்துவாழ் மலையாகத் தனியே நிற்கிறது. வடக்கே அகத்தியர் கூடம், 1868 மீட்டர். நாம் பொதிகை என்று சொல்வது இந்தப் பக்கத்து மலைகளைத்தான். 2001-இல் இந்த வட்டாரம் முழுவதையும் சேர்த்து அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் என்று அறிவித்தார்கள். நம் குமரி மாவட்டக் காடும் அதில் சேர்த்திதான். 2016-இல் யுனெஸ்கோவும் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. உலகத்தில் வேறெங்கும் முளைக்காத செடிகள் பல இங்கே உண்டு.

பூக்களுக்குப் பேர் சொல்வதில் தமிழர் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்குகிறார். மலையில் தினைப்புனம் காத்த பெண்கள் சுனையாடிவிட்டுப் பறித்துக் குவித்த பூக்களின் பட்டியல் அது. ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்று சொல்வார்கள். தமிழைக் காட்ட வேண்டும் என்றதும் மலைப்பூக்களின் பேரை வரிசையாகச் சொன்னாரே, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான். அந்த வரிசையில் முதலில் வருவது செங்காந்தள்.

முதல் கதையும் செங்காந்தளைப் பற்றியதே.

போன ஐப்பசியில் பேத்தியையும் பழைய மாணவிகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு மருந்துவாழ் மலை ஏறினேன். பொற்றையடியில் இறங்கி, அடிவாரக் கோவிலில் கும்பிட்டுவிட்டு, படி படியாக, உட்கார்ந்து உட்கார்ந்துதான். அனுமான் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போகும்போது விழுந்த துண்டு இது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். ஸ்ரீ நாராயண குரு தவம் இருந்த பிள்ளைத்தடம் குகை மேலே இருக்கிறது. மழை பெய்து ஓய்ந்த சமயம். பாறை இடுக்கெல்லாம் பச்சை. ஒரு முள்செடி மேல் செங்காந்தள் படர்ந்து பூத்திருந்தது. இலை நுனியே சுருண்டு கொழுகொம்பைப் பிடித்துக்கொள்ளும். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருந்து, நாளாக ஆகச் சிவக்கும்.

பேத்தி போனை நீட்டிப் படம் எடுத்தாள். அடுத்த நிமிஷம், "பாட்டி, இது குளோரியோசா சூப்பர்பா" என்றாள். கூட வந்த மாணவிகளில் ஒருத்தி, "எங்க வீட்டுல கார்த்திகைப் பூன்னு சொல்லுவாங்க டீச்சர்" என்றாள். இன்னொருத்தி கலப்பைக் கிழங்கு என்றாள். விளவங்கோட்டுப் பக்கத்தில் பிறந்த என் அம்மை மேந்தோன்னி என்றுதான் சொல்வாள். "தொடாதே, கிழங்கு விஷம்" என்பதையும் சேர்த்தே சொல்வாள். ஒரு பேரைச் சொல்லும்போதே அதன் குணத்தையும் சொல்லிவிடுவார்கள் அந்தக் காலத்து மனுஷர்கள். செங்காந்தள் தமிழ்நாட்டின் மாநில மலர் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பில் மனப்பாடம் செய்தது மறந்திருக்காது.

அம்மை சொன்ன அந்த மேந்தோன்னி என்ற பேர், முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஆம்ஸ்டர்டாமில் அச்சான புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தின் பேர் ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ். மலபார்த் தோட்டம் என்று பொருள். கொச்சியில் டச்சுக் கம்பெனியின் கவர்னராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட் தொகுத்தது. 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக வந்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட செடிகளை, படம் போட்டு, உள்ளூர்ப் பேர் போட்டு, எந்த நோய்க்கு ஆகும் என்றும் எழுதினார்கள். இதே டச்சுக் கம்பெனியைத்தான் 1741-இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தார். அந்தப் போர் உங்களுக்குப் பாடத்தில் வந்தது. இந்தப் புத்தகம் பாடத்தில் வரவில்லை.

டச்சு கவர்னருக்கு நம் செடிகளின் பேர் எப்படித் தெரிந்தது? சேர்த்தலை பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் சொன்னார். தம் குடும்பத்து ஓலைச்சுவடிகளில் இருந்ததையும், கைப்பழக்கத்தில் அறிந்ததையும் சொன்னார். அதை மானுவல் கர்னெய்ரோ என்ற மொழிபெயர்ப்பாளர் போர்த்துகீசிய மொழியில் எழுதினார். அது பிறகு லத்தீனுக்குப் போனது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்று மூன்று கொங்கணி வைத்தியர்களும் உதவினார்கள்.

வான் ரீட் ஒரு நல்ல காரியம் செய்தார். சொன்னவர்களின் வாக்குமூலத்தை அவரவர் எழுத்திலேயே முதல் பாகத்தில் அச்சடித்தார். இட்டி அச்சுதன் 1675 ஏப்ரல் 20-ஆம் தேதி கோலெழுத்தில் எழுதிக் கொடுத்த சாட்சியம் அப்படியே இருக்கிறது. தீண்டாமை கொடிகட்டிப் பறந்த காலத்தில், ஒரு ஈழவ வைத்தியரின் பேரும் ஊரும் ஐரோப்பாவில் அச்சேறிவிட்டது. பின்னாளில் லின்னேயஸ் செடிகளுக்கு லத்தீன் பேர் சூட்டியபோது, நம் நாட்டுச் செடிகளுக்கு இந்தப் புத்தகத்தைத்தான் ஆதாரமாக எடுத்துக்கொண்டார். லத்தீனில் இருந்ததை கே.எஸ். மணிலால் என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகள் உழைத்து ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் அதை வெளியிட்டது. இத்தனைக்கும் பிறகு, காட்டிலும் மேட்டிலும் அலைந்து அந்தச் செடிகளைப் பறித்துக் கொண்டுவந்த கூலிக்காரர்களின் பேர் அதிலும் இல்லை. சொன்னவர் பேராவது நின்றதே என்று திருப்திப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது கதை ஒரு செருப்புப் பூவின் கதை.

ஆர்கிட் இனத்தில் ஒரு வகைக்கு, பூவின் கீழிதழ் பெண்கள் போடும் செருப்பின் முன்பக்கம் மாதிரி குழிந்திருக்கும். இந்தியாவில் இந்த வகைகள் வடகிழக்கு மலைகளில் உண்டு. அங்கிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தெற்கே, தென்னிந்தியாவில் ஒரே ஒரு வகைதான். அது நம் அகத்தியமலை வட்டாரத்தில் மட்டும், உச்சியை ஒட்டிய புல்வெளியிலும் பாறை இடுக்கிலும் வளர்கிறது. மஞ்சள் பூ. இதழ்களின் நடுவில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு, நாமம் போட்ட மாதிரி. மழைக்காலம் ஓய்ந்து வெயில் ஏறும் மாதங்களில் பூக்கும்.

1865-இல் கர்னல் ஹீபர் ட்ரூரி என்ற ஆங்கில அதிகாரி இதைத் திருவிதாங்கூர் மலையில் கண்டார். இந்தியாவின் பயனுள்ள தாவரங்களைப் பற்றி 1858-இலேயே புத்தகம் போட்டவர் அவர். சென்னை மாகாண வனத்துறைத் தலைவராக இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் 1874-இல் இந்தப் பூவைப் படத்தோடு வெளியிட்டு, ட்ரூரியின் பேரையே அதற்கு வைத்தார். இன்று அதன் பேர் பாஃபியோபெடிலம் ட்ரூரியை. இருவரையும் நான் குறை சொல்லவில்லை. அவர்கள் எழுதி வைத்ததால்தான் இன்றைக்கு நாம் பேசுகிறோம். ஆனால் 1865-இல் அந்த மலைக்கு ரோடு கிடையாது. அட்டையும் யானையும் உள்ள காட்டில், வழி தெரிந்த மலைவாசிகள் துணை இல்லாமல் எந்த துரையும் உச்சிக்குப் போயிருக்க முடியாது. கூடப் போனவர் யார், அவர் அந்தப் பூவை என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்ற விவரம் எதுவும் அந்தப் பேரில் இல்லை.

பேர் ஏடேறியதும் பூவுக்கு ஆபத்து வந்தது. அந்த நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஆர்கிட் பைத்தியம் பிடித்திருந்தது. பணக்காரர்கள் கண்ணாடி வீடு கட்டி வளர்த்தார்கள். அரிய செடிகள் ஏலத்தில் போயின. எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் ஆளை அனுப்பி வேரோடு அள்ளிக்கொண்டு போவார்கள். நம் செருப்புப் பூ நெடுங்காலம் மலையில் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. 1970-களில் தாவர ஆய்வாளர்கள் அதை மறுபடி கண்டார்கள். செய்தி வெளியே போனதும் செடி வியாபாரிகளும் தேடி வந்தார்கள். இருந்த கொஞ்சமும் மிகவும் குறைந்துபோனது.

ஆர்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். முளைக்கும் விதைக்குச் சாப்பாடு கிடையாது. மண்ணில் ஒரு வகைப் பூஞ்சை கூட இருந்து ஊட்டினால்தான் முளைக்கும். முளைத்துப் பூக்கப் பல வருஷம் ஆகும். ஆகையால் பத்துச் செடியைப் பிடுங்கினால், அந்த இடத்தில் திரும்பப் பத்து வரும் என்று நினைக்க வேண்டாம்.

இப்போது அது அழிவின் விளிம்பில் உள்ள செடி என்று சர்வதேசச் செம்பட்டியலில் இருக்கிறது. நாடுவிட்டு நாடு விற்பதைத் தடுக்கும் சைட்டிஸ் உடன்படிக்கையில் மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991-இல் முதன்முதலாக ஆறு தாவரங்களைச் சேர்த்தபோது, செருப்புப் பூ ஆர்கிட்டுகள் அதில் ஒன்று. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்து விஞ்ஞானிகள் சோதனைக்கூடத்தில் நாற்று உண்டாக்கி மலையில் திரும்ப நடவும் செய்தார்கள். நம்ம பையன் அனுப்பிய படங்களில் இந்தப் பூ இல்லை. இல்லாததில் எனக்கு ஒரு நிம்மதி.

மூன்றாவது கதை, என் காலத்தில் நடந்தது.

1987 டிசம்பரில், புஷ்பாங்கதன் தலைமையில் விஞ்ஞானிகள் சிலர் அகத்தியமலைக் காட்டில் ஏறினார்கள். வழிகாட்டியாகக் காணிக்காரர்கள் போனார்கள். காணிகள் நம் பேச்சிப்பாறை, கோதையாற்றுப் பக்கத்துக் காட்டிலும் இருக்கிறார்கள். உங்களில் சிலர் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளோடு ஒரே பெஞ்சில் இருந்து படித்தவர்கள். ஏற ஏற விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. காணிகளோ ஏதோ சின்னக் காயை வாயில் போட்டு மென்றுகொண்டு, அலுப்பே இல்லாமல் நடந்தார்கள். இவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றதும் களைப்புத் தெரியவில்லை. அது என்ன என்று கேட்டதற்கு முதலில் சொல்ல மறுத்தார்கள். வெளியாளுக்குச் சொல்லக் கூடாத விஷயம் என்றார்கள். பிறகு, வற்புறுத்தலின் பேரில் காட்டிக் கொடுத்தார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை.

பாலோடு நிறுவனம் அதை ஆராய்ந்து ஜீவனி என்ற மருந்தை உண்டாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குத் தயாரிக்கும் உரிமையைக் கொடுத்தார்கள். உரிமத் தொகை பத்து லட்சம் ரூபாய், விற்பனையில் இரண்டு சதவீதம் பங்கு. அதில் பாதி காணிகளுக்கு என்று முடிவு செய்தார்கள். பணத்தை வாங்க 1997-இல் காணிகளுக்கு ஓர் அறக்கட்டளை அமைந்தது. மலைவாசிகளின் அறிவுக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டு பங்கு கொடுத்த உலகின் முதல் சில உதாரணங்களில் இது ஒன்று. மல்லன் காணி, குட்டிமாத்தன் காணி என்று, காட்டியவர்களின் பேரும் இந்த முறை ஏட்டில் ஏறியது.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. காணிகள் எல்லாரும் சம்மதிக்கவில்லை. அவர்களில் வைத்தியம் பார்க்கும் மூத்தவர்கள் சிலர், எங்கள் மருந்தை விற்க நீங்கள் யார் என்று எதிர்த்தார்கள். காட்டில் இலை பறிப்பதில் வனத்துறையோடு சிக்கல் வந்தது. திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை. இருந்தாலும், 1865-க்கும் 1987-க்கும் இடையில் ஏதோ மாறியிருக்கிறது என்பது உண்மை.

அகத்தியர் கூடம் ஏற எனக்கும் வாழ்நாள் ஆசை. தை மாதம் தொடங்கி சிவராத்திரி வரை, போனக்காட்டிலிருந்து கேரள வனத்துறை அனுமதிச் சீட்டோடு விடுவார்கள். நான் பணியில் இருந்த காலம் முழுக்கப் பெண்களை உச்சிக்கு விடவில்லை. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் அதிகாரி ஏறி முடித்தார். அன்றைக்கு டிவியில் பார்த்து நான் கை தட்டினேன். அதே நாளில், இது எங்கள் அகத்திய முனியின் இடம் என்று அடிவாரத்தில் உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்த காணிகளையும் பார்த்தேன். தீர்ப்பு நியாயமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் காலங்காலமாக அந்த மலையைக் கும்பிட்டுக் காத்தவர்களின் மனசையும் தள்ளிவிட முடியவில்லை. எனக்கு வழி திறந்தபோது முழங்கால் சம்மதிக்கவில்லை. உங்களில் பெண்பிள்ளைகள் போங்கள். எனக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.

போகிறவர்களுக்கு டீச்சர் சொல்வது மூன்று.

ஒன்று, பூவைப் பறிக்காதீர்கள். வேரைத் தொடவே தொடாதீர்கள். வீட்டுத் தொட்டியில் அது பிழைக்காது.

இரண்டு, அரிய பூவின் படத்தைப் போட்டால் இடத்தைப் போடாதீர்கள். போன் தானாகவே இடக் குறிப்பைப் படத்துக்குள் வைத்துவிடும். அதை நீக்கிவிட்டுப் போடுங்கள். அந்தக் காலத்துச் செடி வியாபாரி ஆள் அனுப்பித் தேடினான். இந்தக் காலத்தவனுக்கு நம் பதிவே வழி சொல்லிவிடும்.

மூன்று, கூட வரும் வழிகாட்டியிடம் பேர் கேளுங்கள். பூவின் பேரையும் கேளுங்கள், அவர் பேரையும் கேளுங்கள். மருந்து ரகசியம் கேட்க வேண்டாம். அது அவர்கள் சொத்து. சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லட்டும். இரண்டு பேரையும் நோட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.

மலை ஏற முடியாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. தோவாளைச் சந்தையில் பிச்சிக்கும் அரளிக்கும் சம்பங்கிக்கும் இன்றைய விலை நமக்குத் தெரியும். வீட்டுப் பின்னால் வரப்பில் பூக்கிற பூவின் பேர் தெரிந்தவர்கள் எண்பது வயசுக்கு மேல்தான் இருக்கிறார்கள். 1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. இரண்டு மொழியும் புழங்கிய ஊர் என்பதால் ஒரே செடிக்கு நம்மிடம் மூன்று நாலு பேர் உண்டு. அது நம் செல்வம். நம் பிள்ளைகள் போனில் கேட்டால் லத்தீன் பேர் ஒரு நிமிஷத்தில் வந்துவிடுகிறது. மேந்தோன்னி என்ற பேரை யாராவது பெரியவர் சொன்னால்தான் உண்டு.

2002-இல் வந்த பல்லுயிர்ச் சட்டத்தின்படி, ஒவ்வொரு பஞ்சாயத்திலும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஒன்று இருக்க வேண்டும். ஊரில் உள்ள செடி, கொடி, மீன், நெல் எல்லாவற்றையும், ஊராரின் அறிவோடு சேர்த்து எழுதி வைக்கும் ஏடு அது. உங்கள் பஞ்சாயத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் எடுத்துப் பாருங்கள். உங்கள் பாட்டிக்குத் தெரிந்த பேர் அதில் இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். சொன்னவர் இன்னார் என்றும் எழுதச் சொல்லுங்கள். இட்டி அச்சுதனுக்குக் கிடைத்த மரியாதை நம் பாட்டிமாருக்கும் கிடைக்கட்டும்.

இந்தப் பதிவுக்குக் கீழே இருந்தே தொடங்கலாம். செங்காந்தளை உங்கள் வீட்டில் என்ன பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? எந்த ஊர், யார் சொல்லிக் கேட்டது என்று எழுதுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் இன்றைக்கே அம்மைக்கு ஒரு போன் போட்டுக் கேட்டு எழுதுங்கள். வருகிறதை எல்லாம் நான் ஒரு நோட்டில் குறித்து வைக்கிறேன். எழுத்துப் பிழை இல்லாமல் எழுத வேண்டும், சொல்லிவிட்டேன்.